சிங்கப்பூரில் மெட்டல் கேட்க எங்கே போவது?

கேள்வி இது: "கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த காலத்திலிருந்தே மெட்டல், அதாவது கனமான ராக் இசை, கேட்கிறேன். வேலைக்காக சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. பெரிய வெளிநாட்டுக் குழுக்கள் வந்தால் டிக்கெட் விலை கட்டுப்படி ஆகவில்லை. உள்ளூர்க் குழுக்கள் எங்கே, எப்போது வாசிக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. இங்கே அப்படி ஒன்று இருக்கிறதா? யாரையும் தெரியாமல் தனியாகப் போகலாமா?"

இருக்கிறது தம்பி. நாற்பது வருஷமாக இருக்கிறது. நான் பதினேழு வயதில் உள்ளே நுழைந்தவன், இப்போது ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் மாதம் ஒருமுறையாவது போய் நிற்கிறேன். நான்கு மாதமாக உங்கள் கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை. சனிக்கிழமை இரவு கிளார்க் கீ பக்கம் போய்த் தேடியிருப்பீர்கள். அங்கே மதுக்கூடங்களில் பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டைத் திருப்பி வாசிக்கும் குழுக்கள்தான். நீங்கள் தேடுவது ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணிக்கு, ஏதாவது ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காவது மாடியில் நடந்துகொண்டிருக்கும். சரக்கு லிப்டில் ஏறித்தான் போக வேண்டும்.

ஏன் அங்கே என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்த ஊரில் பெரும்பாலானவர்கள் அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில் வசிப்பவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை. வெளிநாட்டுக் குழுக்களின் கதையில் வருகிற மாதிரி கார் நிறுத்தும் கொட்டகையில் ட்ரம்ஸ் போட்டுப் பழகுவதற்கு இங்கே வழியே இல்லை. அதனால் எல்லாக் குழுக்களும் ஜாமிங் ஸ்டூடியோவுக்குப் போகும். மணிக்கணக்கில் வாடகை. ட்ரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அங்கேயே இருக்கும். கிட்டாரையும், அதன் ஒலியை மாற்றும் பெடலையும் தூக்கிக்கொண்டு போனால் போதும். இந்த ஸ்டூடியோக்கள் வாடகை குறைந்த, இரவில் ஆளில்லாத இடம் தேடித் தொழிற்பேட்டைகளுக்குப் போயின. அவற்றில் கொஞ்சம் பெரிய அறை உள்ளவை சோபாவை வெளியே தள்ளி, வாசலில் ஒரு மேசை போட்டால் அன்றைக்கு அதுவே மேடை. அறுபது பேர் நின்றால் நிரம்பிவிடும்.

எம்ஆர்டி ரயிலில் வட்டமான கறுப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கையில் இன்னொரு சின்னப் பையோடு ஒரு பையன் நிற்பதைப் பார்த்தால் கவனியுங்கள். முதுகில் இருப்பது சிம்பல் என்ற உலோகத் தட்டு, கையில் இருப்பது ஸ்னேர் என்ற சின்ன ட்ரம். ஒரே நிகழ்ச்சியில் ஐந்து குழுக்கள் ஒரே ட்ரம்ஸைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் சிம்பலும் ஸ்னேரும் கால் பெடலும் அவரவருடையது, உடையக்கூடியதும் தேயக்கூடியதும் அவைதான். ஒரு குழு முடித்து அடுத்த குழு ஏறும் அந்தப் பத்து நிமிஷத்தில், முந்தையவர் தன் சிம்பலின் திருகைக் கழற்ற, அடுத்தவர் தன்னுடையதைக் கையில் ஏந்தியபடி பக்கத்தில் காத்திருப்பார். தாங்கியில் போடும் சின்ன ஃபெல்ட் வளையத்தை ஒருவர் மறந்து வந்திருந்தால் மற்றவர் பேசாமல் தன்னுடையதை விட்டுவிட்டுப் போவார். முப்பது வருஷமாக அதைப் பார்க்கிறேன். இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் அன்பு முழுக்க அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, "இங்கேதான் மெட்டல் நடக்கும்" என்று நம்பிவிடாதீர்கள். இந்த ஊரில் இடம் நிற்காது. குத்தகை முடியும், வாடகை ஏறும், கட்டடத்தை இடிப்பார்கள், சத்தம் என்று யாராவது புகார் கொடுப்பார்கள். நான் வளர்ந்த இடமே அதற்குச் சாட்சி. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் பழைய துணைமின் நிலையம் ஒன்றை நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் கலை மையமாக மாற்றினார். பெயரே சப்ஸ்டேஷன். பின்புறம் ஒரு தோட்டம். பங்க், மெட்டல், இண்டி என்று எந்த இசை வகையின் பெயரில் வந்தாலும் அந்தத் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள். என் முதல் நிகழ்ச்சி அங்கேதான். பள்ளிச் சீருடையைப் பையில் திணித்துவிட்டு, கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். 2000களின் நடுவில் அந்தத் தோட்டம் உணவகத்துக்குக் குத்தகைக்குப் போனது. 2021 ஜூலையில் அமைப்பே கட்டடத்தைக் காலி செய்தது. அன்று வெளியே வந்து நின்றவர்களில் பாதிப் பேருக்கு என் வயது. பேச்சு வரவில்லை யாருக்கும்.

ஆகவே ஆட்களைத் தொடருங்கள், இடங்களை விடுங்கள். செய்முறை எளிது. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு உள்ளூர்க் குழுவை, குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் கண்டுபிடியுங்கள். அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய், கடைசியாக வாசித்த நிகழ்ச்சியின் போஸ்டரைப் பாருங்கள். அதில் இன்னும் நான்கு குழுவின் பெயர் இருக்கும். மெட்டல் போஸ்டரில் எழுத்துகள் முள்வேலி மாதிரி இருக்கும், வாசிக்க முடியாது. கீழே குறிச்சொல்லில் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்டரின் அடியில் நிகழ்ச்சியை நடத்துகிறவர்களின் பெயர் சின்னதாக இருக்கும். அதுதான் மிக முக்கியம். குழு வருஷத்துக்கு நாலு தடவை வாசிக்கும், நடத்துகிறவர் மாதாமாதம் ஏதாவது நடத்துவார். அதன் பிறகு ட்ரம்மர்கள். நல்ல ட்ரம்மர்கள் இங்கே குறைவு. ஒரே ஆள் மூன்று குழுவில் வாசிப்பார். ஒரு ட்ரம்மரைத் தொடர்ந்தால் ஒரு கிளை முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிடும். இரண்டு வாரம் இப்படிச் செய்தால், வியாழக்கிழமை இரவு போனைத் திறந்தவுடனே வார இறுதியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

போன் வேண்டாம், கண்ணால் பார்த்துத் தொடங்குகிறேன் என்றால், சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போங்கள். கிட்டார் கடைகளும், குழுக்களின் கறுப்புச் சட்டை விற்கும் கடைகளும் காலங்காலமாக அங்கே இருக்கின்றன. கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். அவரே ஏதாவது ஒரு குழுவில் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறைக்குள் நின்றதும் உங்களுக்கே தோன்றும். கூட்டத்தில் பெரும்பாலோர் மலாய்க்காரர்களாக இருப்பார்கள். இந்த ஊரின் கனமான இசையை வளர்த்தவர்கள் அவர்கள்தான். ரம்லி சாரிப் பாடிய ஸ்வீட் சாரிட்டி குழுவின் முதல் ஆல்பம் 1979இல் வந்தபோது, தீவு முழுவதும் வீவக புளோக்குகளின் படிக்கட்டுகளில் கிட்டாரோடு மலாய்ப் பையன்கள் உட்கார்ந்தார்கள். அந்தக் கரகரத்த குரல் பின்னாளில் இந்த நாட்டின் தேசிய கீதத்தையே பாடியது. அடுத்த தலைமுறை இன்னும் கனமாகப் போனது. அப்ஹோரர், இம்பயட்டி என்ற குழுக்கள் இரண்டும் 80களின் இறுதிக்கும் 90களின் தொடக்கத்துக்கும் இடையில் பிறந்தவை. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் அவற்றின் டெமோ கேசட்டைத் தபாலில் வரவழைத்துக் கேட்டார்கள். நான் போன பல நிகழ்ச்சிகளில் மக்ரிப் தொழுகை நேரத்துக்கு இடைவேளை விட்டிருக்கிறார்கள். ரமலான் மாதத்தில் நிகழ்ச்சிகள் குறையும், நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஒரே வாரத்தில் மூன்று வந்து விழும். குடி பெரும்பாலும் இருக்காது. வெளியே படிக்கட்டில் பச்சைத் தண்ணீரும் ஐஸ் மைலோவும்தான்.

பிறகு வார்ம்ராட். 2007இல் தொடங்கிய கிரைண்ட்கோர் குழு. கிரைண்ட்கோர் என்றால் ஒரு பாட்டு ஒரு நிமிஷம், சில சமயம் பத்து நொடி. அதற்குள் ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கும். அவர்கள் நீண்ட காலம் பேஸ் கிட்டாரே இல்லாமல் ஒரு கிட்டார், ஒரு ட்ரம்ஸ், ஒரு குரல் என்று மூன்றே பேராக வாசித்தார்கள். முதல் ஆல்பத்தை இணையத்தில் யாரோ பகிர, அது இங்கிலாந்தின் இயரேக் இசை வெளியீட்டு நிறுவனத்தின் காதுக்கு எட்டி, அவர்களே தேடிவந்து ஒப்பந்தம் போட்டார்கள். இந்த வகை இசையை உலகுக்குக் கொண்டுசேர்த்த நிறுவனம் அது. 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் வாசித்த முதல் சிங்கப்பூர்க் குழு இவர்கள்தான். 2022இல் வந்த 'ஹிஸ்' ஆல்பத்தில் கிரைண்ட்கோருக்கு நடுவே வயலின் ஒலிக்கும். நம் காதுக்கு அது வேறு மாதிரி பேசும், கேட்டுப் பாருங்கள். இந்த ஊரின் பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளும் முன்பே உலகம் அவர்களைக் கொண்டாடிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தமிழர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். ருத்ரா இருக்கிறது. 1992இல் தொடங்கி, நடுவில் கொஞ்சகாலம் நின்று, மறுபடி எழுந்த குழு. பாடுவதும் பேஸ் வாசிப்பதும் கதிர், ட்ரம்ஸ் சிவா. 1998இல் முதல் ஆல்பம். மேற்கத்திய மெட்டல் குழுக்கள் சாத்தானையும் பிணங்களையும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் உபநிடதத்தை எடுத்தார்கள். அலங்காரத்துக்காக எடுத்ததாக நினைக்காதீர்கள். கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த பிரம்மவித்யா முத்தொகுதி முழுவதும் "நான் யார்" என்ற ஒரே கேள்விதான். கர்ஜிக்கும் குரல், அடியில் இரட்டைக் கால் ட்ரம்ஸ், நடுவில் சமஸ்கிருத மந்திரம். 2022இல் 'எய்ட் மஹாவித்யாஸ்' ஆல்பம் வந்தது. இந்தப் பாணிக்கு வேத மெட்டல் என்று பெயர் விழுந்தது. நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த யூஜின் தைரியநாதன், இந்த இசைக்கும் இங்குள்ள தென்னிந்தியச் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

எனக்கு அது வேறு விதத்தில் முக்கியம். பதினெட்டு வயதில் அந்தக் கூட்டங்களில் தமிழ் முகம் என்று பார்த்தால் என்னைத் தவிர ஓரிருவர்தான். வீட்டில் அம்மாவுக்கு என் கறுப்புச் சட்டை கவலை. "தேக்கா கோயிலுக்காவது வேற சட்டை போட்டுட்டு வாடா" என்பார். மேடையில் நம் ஆட்கள் நின்று, சின்ன வயதில் கோயிலில் கேட்ட சுலோகத்தை அந்தச் சத்தத்தோடு பாடியபோது, இரண்டு இடத்திலும் நான் ஒரே ஆள்தான் என்று முதல்முறையாகத் தோன்றியது. அவர்கள் அடிக்கடி வாசிப்பதில்லை. அறிவிப்பு வந்தால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கனமான நேரடி இசை என்று பார்த்தால் இங்குள்ள தமிழ் இளைஞர்களின் பெரிய கூட்டம் உருமி மேளத்தில் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் இடங்கள் கூடின. உருமி அடிக்கும் பையனுக்கும் கிரைண்ட்கோர் அடிக்கும் பையனுக்கும் இந்த ஊரில் ஒரே போராட்டம்: சத்தமாக ஒன்றை, நாலு பேர் நடுவில், அனுமதியோடு வாசிக்க ஒரு இடம்.

அனுமதி என்றதும் சட்டதிட்டம். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் 1965இல் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஏழு வருஷம் கழித்து லெட் செப்பலின் குழுவை, முடி நீளம் என்று விமானத்தை விட்டே இறங்க விடவில்லை. நீளமுடி வைத்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று அப்போது சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். 90களின் தொடக்கத்தில் நிகழ்ச்சிகளில் மோதி ஆடுவதற்குத் தடை வந்தது. அதெல்லாம் போய்விட்டது. ஆனால் பொது நிகழ்ச்சிக்கு இன்றும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும், வயது வரம்பும் அவர்கள் வகைப்படுத்துவதுதான். 2019 மார்ச்சில் சுவீடனின் வாட்டைன் குழுவுக்கு முதலில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்தார்கள். உள்துறை அமைச்சின் ஆட்சேபத்துக்குப் பிறகு, மேடை ஏறச் சில மணி நேரம் இருக்கையில் ரத்து செய்தார்கள். அது தப்பான முடிவு என்று நான் நினைக்கிறேன். அறையில் இருந்திருக்கக்கூடியவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள், எதைக் கேட்கிறோம் என்று தெரிந்தவர்கள். உங்களுக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்றுதான்: ஆர்18 என்று போட்டிருந்தால் வேலை அனுமதி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கொரோனா காலத்தைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. கடைகளிலும் மதுக்கூடங்களிலும் நேரடி இசைக்கு மறுபடி அனுமதி வந்தது 2022 மார்ச் 29. கிட்டத்தட்ட இரண்டு வருஷம். சில குழுக்கள் அதிலிருந்து திரும்பி வரவேயில்லை.

இன்னொரு இரண்டு வருஷக் கணக்கு இங்கே எப்போதும் உண்டு, தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவச் சேவை. பதினெட்டு வயதில் பையன்கள் போய்விடுவார்கள். நல்ல குழு ஒன்று திடீரென்று காணாமல் போனால் கலைந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கிட்டார்காரர் முகாமில் இருப்பார். மொட்டைத் தலையோடு, வார இறுதி விடுமுறையில் வந்து வாசித்துவிட்டு, ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும் பையன்களைப் பார்ப்பீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கத்துங்கள்.

மெட்டல் மட்டும் போதாது, இண்டியும் வேண்டும் என்றால் எஸ்பிளனேட் கலை அரங்கில் தொடங்குங்கள். கட்டடம் திறந்த 2002இலிருந்து பேபீட்ஸ் விழா நடக்கிறது, வருஷம் ஒரு முறை, நுழைவு இலவசம். புதுக் குழுக்களைத் தேர்வு வைத்து எடுத்து, மூத்தவர்களை வழிகாட்டியாகக் கொடுத்து அந்த மேடையில் ஏற்றுகிறார்கள். அந்தப் புதுக்குழு வரிசையைத் தவறவிடாதீர்கள். சப்சானிக் ஐ, ஃபாரஸ்ட்ஸ் ஆகிய இரண்டு குழுக்களையும் கேளுங்கள். இரண்டும் வெளிநாடுகளில் சுற்றி வருகின்றன, ஊரில் வாசிக்கும்போது மொத்தக் கூட்டமும் கூடவே பாடும். தி அப்சர்வேட்டரி என்ற குழு 2001இல் தொடங்கியது. மென்மையான பாட்டுகளில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஆல்பத்திலும் தன்னையே கலைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் மெட்டல் கேட்பவனையும் உட்காரவைக்கிற இருட்டான சத்தத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த குழு எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

தனியாகப் போகலாமா என்றீர்கள். போங்கள். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் தனியாக வந்தவர்கள்தான். கட்டணம் பெரும்பாலும் 15 முதல் 30 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்). வாசலில் போனிலேயே பேநவ் வழியாகப் பணம் கட்டினால் கையில் முத்திரை குத்துவார்கள். முதல் குழு ஏறும்முன் போய்விடுங்கள். முதல் குழு பெரும்பாலும் சின்னப் பையன்கள், எதிரே எட்டுப் பேர் இருப்பார்கள்; நீங்கள் ஒன்பதாவது ஆள் என்பது அவர்களுக்குக் கண்ணில் தெரியும். காதடைப்பான் கட்டாயம். தாழ்ந்த கூரை, கான்கிரீட் சுவர். இரண்டு மணி நேரத்தில் காது கெட்டுவிடும். என் இடது காதில் இப்போது ஓயாத ரீங்காரம். இருபது வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நல்லதாக இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும்.

நடுவில் வட்டம் விரிந்து மோத ஆரம்பித்தால் சுவரோரம் நின்று பாருங்கள், யாரும் இழுக்க மாட்டார்கள். உள்ளே போனால் ஒரே விதி: விழுந்தவரை உடனே தூக்கணும். நான் முதல்முறை போனபோது கண்ணாடி எகிறி விழுந்தது. அடுத்த நொடி சுற்றி நாலு பேர் கையை விரித்து இடம் விட்டார்கள். ஒருவர் குனிந்து எடுத்து, தன் சட்டையில் துடைத்து, என் மூக்கிலேயே மாட்டிவிட்டு, மறுபடி கூட்டத்துக்குள் குதித்துவிட்டார். பெயர்கூடத் தெரியாது.

முடிந்ததும் பின்னால் உள்ள மேசைக்குப் போய் ஏதாவது ஒன்று வாங்குங்கள். கேசட் இன்னும் போடுகிறார்கள், பத்துப் பன்னிரண்டு வெள்ளி. கேட்க இயந்திரம் இல்லாவிட்டாலும் உள்ளே பதிவிறக்கக் குறியீடு வைத்திருப்பார்கள். அந்தப் பணம்தான் அடுத்த மாத ஸ்டூடியோ வாடகை. விற்பவரிடம் "உங்கள் மூன்றாவது பாட்டு பிடித்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த முறை அவர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். நாலாவது முறை போகும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாருவில் நடக்கும் நிகழ்ச்சிக்கு வண்டியில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்பார்.

இந்த வாரமே ஒன்றைத் தேடிப் போய்வாருங்கள் தம்பி. போய்வந்து எந்தக் குழுவைக் கேட்டீர்கள், ட்ரம்ஸ் வாசித்தது யார் என்று இங்கேயே எழுதுங்கள். அவர் வேறு எந்தெந்தக் குழுவில் வாசிக்கிறார் என்று நான் சொல்கிறேன்.